இரண்டு கறுப்புச் சட்டைகள்

இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அது நூலுக்குள் வெந்து உறைந்துவிடும். அப்புறம் எந்தப் பவுடரைப் போட்டுக் கசக்கினாலும் பழுப்பாய் ஒரு நிழல் நின்றே தீரும். சலவைக்கடைக்காரிக்கு இது கல்யாணமான பிறகு தெரிந்துகொள்ள நேர்ந்த சங்கதி. அதற்கு முன் அவள் கடைக்கு வந்ததெல்லாம் மையும் எண்ணெயும் வியர்வையும்தான்.

கடை அவளுடைய அப்பா விட்டுப்போனது. அம்மா அதற்கும் முன்னாலேயே போய்விட்டாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே அவள் கடையைத் திறந்தாள். பின்கட்டில் இரண்டு சலவை மெஷின், முன்னால் நீராவி இஸ்திரிப் பெட்டி, கூரையிலிருந்து தொங்கும் நீளக் கம்பி, அதில் பாலித்தீன் உறை போட்ட கோட்டுகள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பார். அதன் சிவப்பு விளக்குப் பலகை பகலிலும் எரியும். மழை நாளில் கடைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்ளே தொங்குகிற வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாய்த் தெரியும். தம்பியை அவள்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துணி மூட்டைமேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுவான். அவனை எழுப்ப மனசில்லாமல் அடுத்த மூட்டையை எடுத்துத் துவைத்தவள் அவள்.

அவளுடைய புருஷனை ஊரில் எல்லோரும் 'மடிப்பு' என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் போலீசுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. முதல்முறை அவன் வாடிக்கையாளனாக வந்து, ஒரே சட்டையை மூன்று தடவை திருப்பிக் கொடுத்தான்.

"கையில ரெண்டு கோடு விழுந்திருக்கு. ஒரு கோடுதான் இருக்கணும்."

"அவ்வளவு தெரிஞ்சா நீங்களே தேச்சுக்கோங்க."

அவன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, நிஜமாகவே தேய்த்தான். அவளைவிட நன்றாகத் தேய்த்தான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது.

மடிப்பு பெரியவரிடம் வேலை பார்த்தான். பெரியவருக்கு லாரி ஷெட் ஒன்று, மூன்று பார், துறைமுகத்தில் அவர் சொல்லாமல் ஒரு பெட்டி இறங்காது என்கிற அளவுக்கு ஒரு பெயர். அவருக்கு வேண்டாதவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது மடிப்பின் வேலை. என்ன பார்த்தான், எப்படிப் பார்த்தான் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தது. பார்க்கப்போகிற நாளில், "அந்தக் கறுப்புச் சட்டையை எடுத்து வை" என்பான். மற்ற நாளெல்லாம் வெள்ளை, சாம்பல், இளநீலம். கறுப்பு என்றால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை.

தம்பிக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து மாமாதான் எல்லாம். மாமா போலவே நடந்தான், மாமா போலவே வெயிலில்லாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டான்.

"மாமா மாதிரி சட்டை போடு, வேண்டாங்கல. மாமா மாதிரி வேலை பார்க்காதே" என்றாள் அவள்.

"வேலை பார்க்கலேன்னா சட்டை யாரு வாங்கித் தருவா? நீ துவைக்கத்தான் செய்வே" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

மடிப்பே அவனை அழைத்துக்கொண்டு போய்ப் பெரியவர் முன் நிறுத்தினான். தொழிலையும் சொல்லிக் கொடுத்தான். கறுப்புச் சட்டை பழக்கமும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஒரே துணியில், ஒரே தையற்கடையில், ஒரு மாதிரி இரண்டு சட்டை. கழுத்து அளவு மட்டும் வேறு.

பெரியவருக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவர் உண்டு. அவர் சின்னவர். ஒரு நாள் லாரி ஷெட்டில் அண்ணன் வருவதற்கு முன்னால் அவர் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்து எல்லோர் முன்னாலும் ஓர் அறை விட்டார். சின்னவர் எழுந்து, கீழே விழுந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஷெட்டில் பாதிப் பேர் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அந்தப் பாதியில் தம்பியும் ஒருவன். சின்னவரும் அவனும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிக்கிற சேர்க்கை.

மடிப்பு பெரியவரோடு நின்றான். "சோறு போட்ட கை" என்றான், அவ்வளவுதான்.

சலவைக்கடைக்காரியின் நிலைமை இருதலைக் கொள்ளி எறும்பு. இரண்டு கோஷ்டியின் துணியும் அவளிடம்தான் வந்தது. கம்பியில் இடப்பக்கம் பெரியவர் ஆட்கள், வலப்பக்கம் சின்னவர் ஆட்கள். நடுவில் பக்கத்துத் தெரு வாத்தியாரின் ஒரு கால்சட்டையைத் தொங்கவிட்டு, "இது ஐ.நா. சபை" என்று அவள் சொல்ல, துணி வாங்க வந்த ரௌடிகளே சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டால் வெட்டிக்கொள்கிற ஆட்கள் அவள் கடை வாசலில் மட்டும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

முதல் தடவை மடிப்பு கறுப்புச் சட்டை கேட்டு, "உன் தம்பி பக்கம் கொஞ்சம் துள்ளுறாங்க" என்று வேறு சொன்னபோது, அவள் சட்டையைத் தேய்த்து மாட்டிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு வெளியே போகாதே."

"ஏன்?"

"அக்கா சொல்றேன்ல."

அவன் போகவில்லை. மடிப்பும் மற்றவர்களும் காலி அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்னொரு தடவை தம்பி வந்து, மாமாவிடம் கற்ற அதே குரலில், "அக்கா, என் கறுப்புச் சட்டை ரெடியா?" என்று கேட்டான். அன்று அவள் மடிப்பின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பதறி அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் வரவேண்டிய முக்கில் சின்னவர் ஆட்கள் காத்திருந்து கால் கடுத்துப் போனார்கள். டாக்டர் அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றபோது அவளுக்கு மனதுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு பேரையும் உயிரோடு வைத்திருக்கிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். மழைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓட்டினாள்.

மூன்று தடவை கை நழுவினால் எந்த முட்டாளுக்கும் சந்தேகம் வரும். பெரியவர் முட்டாள் அல்ல. உள்ளே யாரோ அந்தப் பக்கத்துக்கு ஊதுகிறான் என்றார்.

பெரியவரின் கார் டிரைவரை எல்லோரும் 'ஹாரன்' என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனுஷன். கடைக்கு வந்தால் அவள் சட்டையைக் கட்டித் தருவதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும். "அக்கா, பெரியவர் பின்சீட்டுல தூங்குறப்போ குறட்டை விடுவாரு. நான் ஹாரன் அடிச்சு அதை மறைச்சு மரியாதையைக் காப்பாத்துறேன்" என்பான். எல்லா இடத்துக்கும் காரில் போகிறவன், எல்லாப் பேச்சும் காதில் விழுகிறவன், வாயும் சும்மா இருக்காது. போதாததற்கு அவன் மச்சினன் ஒருவன் சின்னவர் ஆட்கள் கூடும் பாரில் கிளாஸ் கழுவினான். சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த தடவை மடிப்பு கறுப்புச் சட்டை கேட்டபோது அவள் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி வீட்டிலேயே இருந்தான். அவள் நிம்மதியாக இருந்தாள். மடிப்பு வந்து சட்டையைக் கழற்றி வாளியில் போட்டான். தண்ணீர் சிவந்தது. மூன்று தடவை தண்ணீர் மாற்றினாள். யாருடையது என்று அப்போதும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஹாரனின் பெண்டாட்டி ஒரு பையோடு கடைக்கு வந்தாள். பையில் அவனுடைய நல்ல கோட்டும் சட்டையும். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் கல் மாதிரி இருந்தது.

"இதைக் கொஞ்சம் தேச்சுக் குடுங்க அக்கா. பெட்டியில வைக்கிறப்போ போட்டு விடணும். மூஞ்சியைத்தான் பார்க்க முடியல, துணியாவது நல்லா இருக்கட்டும்."

சலவைக்கடைக்காரி பையை வாங்கிக் கோட்டை மேசைமேல் விரித்தாள்.

"அவரு எதையும் யாருக்கும் சொன்னதில்ல அக்கா. வீட்டுல என்கிட்டகூட பெரியவர் எங்க போனாருன்னு சொல்ல மாட்டாரு. கடைசி வரைக்கும் நான் இல்லை, நான் இல்லைன்னே கத்தினாராம். ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க. உங்களுக்கு அவரைத் தெரியும்ல? அவரு அப்படிப்பட்ட ஆளா?"

"இல்ல" என்றாள் அவள்.

சட்டையைத் தேய்த்தாள். கைக்கு ஒரே கோடு. கோட்டின் காலரை ஆவி பிடித்துத் திருப்பினாள். ஹாரனின் பெண்டாட்டி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டி போவதையும் வருவதையும் பார்த்தபடியே நின்றாள்.

அன்று சலவைக்கடைக்காரி தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள், இனிமேல் போனைத் தொடுவதில்லை என்று. யார் விதி எப்படியோ அப்படி நடக்கட்டும். ஆனால் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? சில வாரம் கழித்து மடிப்பு மறுபடி கறுப்புச் சட்டை கேட்டான். முகம் வழக்கத்தைவிட இறுகியிருந்தது. "இன்னைக்கு யாரு?" என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கேட்டாள். அவன் குனிந்து ஷூவைத் துடைத்தான். அதுவே பதில். அவள் பிற்பகல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு துணி உதறினாள். அப்புறம் போனை எடுத்துவிட்டாள்.

அந்தத் தடவை பெரியவர் விஷயத்தை மடிப்பிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

தம்பி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று தெரிந்ததும் பெரியவர் மடிப்பைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தானே டீ ஊற்றிக் கொடுத்தார். அங்கே நடந்த பேச்சு அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மடிப்பு, "நான்தான் சொன்னேன் ஐயா" என்றானாம். பெரியவர் சிரித்தாராம். "நீ சொல்ல மாட்டே. ஹாரன் கத்தினப்போ உன் கை நடுங்கவே இல்லையே. உன் சட்டையைத் தேய்க்கிறது யாரு?"

அப்புறம் அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். "அக்காவா, தம்பியா? நீயே சொல்லு. நான் அவ்வளவு கெட்டவன் இல்ல, ரெண்டு பேரையும் கேக்கல."

மடிப்பு வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். அவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னான்.

"எனக்கு அலுத்துப் போச்சு. மச்சானும் நானும் எதுக்கு அடிச்சிக்கணும்? அவனை நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச்சொல்லு. பேசித் தீர்த்துக்கலாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நிஜமாவா?"

"ஆமா. நாளைக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வை."

வெள்ளை என்றதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவளே தம்பிக்குப் போன் போட்டாள். "மாமா கூப்பிடுறாருடா. நான் இருக்கேன், பயப்படாம வா."

தம்பி பூப்போட்ட டையும் இளமஞ்சள் கோட்டுமாக வந்தான், கையில் அக்காவுக்கு ஒரு கைக்கடிகாரம். மாமனும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மடிப்பு அவனுக்கு அள்ளி அள்ளிப் பரிமாறினான். பழைய கதை எல்லாம் பேசினார்கள். முதல்முறை அவனைப் பெரியவரிடம் கூட்டிப்போனபோது அவன் பயத்தில் விக்கல் எடுத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாப்பிட்டுக் கைகழுவி வந்த தம்பி அவள் முந்தானையிலேயே கையைத் துடைத்தான்.

"வா, உன்னை இறக்கி விடுறேன்" என்றான் மடிப்பு.

அவள் மாடியில் நின்று கையாட்டினாள். கார் முக்கு திரும்பியது. நல்ல வெயில்.

மடிப்பு பொழுது சாய்வதற்குள் தனியாகத் திரும்பி வந்தான். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வழியில் பின்சீட்டில் வேறு ஆட்கள் ஏறிக்கொண்டார்கள், அவன் வண்டியை மட்டும் ஓட்டினான். அவன் அதை ஒளிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பெரியவர் ஊற்றிக் கொடுத்த டீயிலிருந்து.

"உன்னையா அவனையான்னு கேட்டாங்க."

"என்னைச் சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"வாய் வரல."

அவள் அழவில்லை. மேசைமேல் தம்பி சாப்பிட்ட தட்டு இன்னும் கழுவாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏதாவது சொன்னானா?"

மடிப்பு குனிந்து ஷூவைக் கழற்றினான். அவள் மறுபடி கேட்டாள். அவன் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டான்.

"பின்னால ஆள் ஏறினதும் புரிஞ்சிடுச்சு. முரண்டு பண்ணல. 'மாமா, இது அக்காவுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை..."

"நேரம் இல்ல" என்றான் மடிப்பு.

அதன் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். படுக்கையில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. அவன் அவளுக்காகத்தான் அதைச் செய்தான், அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததுதான் கொடுமை. அவனை வெறுக்கலாம் என்று பார்த்தால் நடுவில் தன் உயிர் வந்து நின்றது. ஆனால் தட்டைக் கழுவும்போதும் பொத்தான் தைக்கும்போதும் அந்தக் கேள்வி மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தம்பி அதற்குத் தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு போயிருப்பான். போன் போட்டுக் கூப்பிட்டது அக்காதானே.

நீரடித்து நீர் விலகுமா? அடுத்த கோடையில் பெரியவர் லாரி ஷெட்டில், அதே நாற்காலியில், வாய் கோணிச் சாய்ந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சின்னவர் ஓடிவந்தார். அண்ணன் வாயோரம் வழிந்த எச்சிலைத் தன் பட்டுக் கைக்குட்டையால் துடைத்தார். பெரியவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாராம். ஒரே வாரத்தில் இரண்டு கோஷ்டியும் ஒன்று. நேற்றுவரை கத்தியோடு தேடியவர்கள் எதிர் பாரில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொண்டார்கள். மடிப்பு சின்னவரின் கார்க் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். செத்தவர்கள் செத்ததுதான் மிச்சம்.

சின்னவர் ஒரு பிற்பகல் கடைக்கு வந்தார். உடன் யாரும் இல்லை. கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அக்கா, இதுல வைன் சிந்திடுச்சு. போகுமா?"

"பார்க்கிறேன்."

"உங்க தம்பி என் வலது கை மாதிரி. அவனை யாரு கூட்டிட்டுப் போனதுன்னு எனக்குத் தெரியும். இப்போ எல்லாம் ஒண்ணாயிட்டோம், பழசைக் கிளறக்கூடாதுன்னு அண்ணன் சைகையில சொல்றாரு. ஆனா மனசு கேக்கல." அவர் குரல் ரொம்பத் தன்மையாக இருந்தது. "உங்க வீட்டுக்காரரா போயிட்டாரு. அதனால உங்ககிட்ட விட்டுடறேன். நீங்க வேண்டாம்னா அவரு தலைமுடியைக்கூட யாரும் தொட மாட்டாங்க. வேணும்னா வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டுங்க, போதும்."

அண்ணனைப் போலவே இவருக்கும் அடுத்தவன் கையால் அவன் கண்ணையே குத்துகிற வித்தை தெரிந்திருந்தது. அவள் கோட்டை எடுத்துக் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெருவில் பின்னோக்கி வந்த ஒரு லாரியை யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவர் காத்திருந்தார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"கோட்டு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மடிப்பு குளித்துவிட்டு வந்து, சின்னவர் துறைமுகத்துக்கு வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னான். அவள் சாம்பல் நிறச் சட்டையை எடுத்து விரித்தாள். கழுத்துப்பட்டி, தோள், கை, முன்பக்கம் என்று வரிசை தப்பாமல் தேய்த்தாள். இதுவரை எத்தனை தடவையோ உயிரைக் காப்பாற்ற அவள் போனை எடுத்திருக்கிறாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். இப்போதும் விழலாம். பெட்டியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சட்டையை நீட்டினாள்.

அவன் வாங்கிப் போட்டுக்கொண்டு பொத்தானைப் பாதியில் நிறுத்தினான்.

"ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான்.

"இல்ல."

அவன் மிச்சப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். "சரி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவனுக்குத் தெரிந்துதான் போனானோ, தெரியாமல் போனானோ, அவளால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை. துறைமுகத்தில் கிரேனிலிருந்து சரக்குப் பெட்டி நழுவி விழுந்ததாகச் சொன்னார்கள். சின்னவர் பெரிய மலர் வளையம் அனுப்பினார்.

அவள் கடையை மூடவில்லை. வேறென்ன தெரியும் அவளுக்கு? துரோகியின் பெண்டாட்டி என்று ஹாரனின் மனைவிக்கு அந்தப் பகுதியில் யாரும் வேலை கொடுக்காமலிருந்தார்கள். சலவைக்கடைக்காரி அவள் வீட்டைத் தேடிப்போய்க் கூட்டிவந்து இரண்டாவது மேசையைக் கொடுத்தாள். அவள் சீக்கிரம் பழகிக்கொண்டாள். இப்போது இரண்டு பெண்களும் எதிரும் புதிருமாக நின்று தேய்க்கிறார்கள். சின்னவர் வீட்டுத் துணியும் வருகிறது, பெரியவரின் எச்சில் பட்ட துண்டுகளும் வருகின்றன.

ஹாரனின் மனைவி சில சமயம் வேலையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுவாள். "இந்தத் தெருவுல என்னை மனுஷியா மதிச்சது நீங்க ஒருத்திதான் அக்கா. உங்க புருஷன் செஞ்ச பாவத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மனசு யாருக்கு வரும்? நீங்க நல்லா இருக்கணும்."

"பேசிக்கிட்டே தேச்சா துணி பொசுங்கிடும்" என்பாள் சலவைக்கடைக்காரி.

அப்படித் திட்டு வாங்குவதும் ஹாரனின் மனைவிக்குப் பிடித்திருந்தது போலும். சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை எடுத்து உதறுவாள்.